பென் டிரைவுக்குக் கிடைத்த தலைவர் பதவி

அன்றைக்குக் கூழைப்பாறை ஆடு வளர்ப்போர் சங்கக் கட்டடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். தலைவர் மாசானம், செயலாளர் காத்தமுத்து, பொருளாளர் விருமாயி, உறுப்பினர்கள் சன்னாசி, இருளாண்டி. சங்கத்தில் இருப்பதே ஐந்து பேர்தான். ஆகவே வராதவர் என்று யாரும் இல்லை. நாற்காலிகளும் ஐந்து. அதில் ஒன்றின் மேல் கம்ப்யூட்டர் இருந்ததால் இருளாண்டி நின்றுகொண்டிருந்தார். கம்ப்யூட்டர் ஒன்று. அதற்குள் சிஸ்டம் இரண்டு.

முதல் சிஸ்டம் வாங்கும்போதே அதில் இருந்தது. திறந்தால் திரை நீலமாக வரும். இரண்டாவது, பிற்பாடு வாங்கிய பிரிண்டர் நீலத்தில் ஓடாமல் போனதால், டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சிக்கந்தர் பாய் போட்டுக் கொடுத்தது. அதன் திரை கறுப்பு. ஆட்டுப் பட்டியல் நீலத்தில் இருந்தது, பிரிண்டர் கறுப்பில் ஓடியது. பட்டியல் வேண்டுமென்றால் நீலத்தைத் திறந்து, ஒவ்வொரு ஆட்டின் எண்ணையும் தாளில் எழுதிக்கொள்வார்கள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, கறுப்பைத் திறந்து, தாளைப் பார்த்து அடித்து, பிரிண்ட் எடுப்பார்கள். எடுத்தவுடன் கையால் எழுதிய தாளைக் கிழித்து எரித்துவிடுவார்கள். ஒரே பட்டியல் இரண்டு இடத்தில் இருந்தால் குழப்பம் வரும் என்று தீர்மானம் போட்டிருந்தார்கள்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் நீலமா கறுப்பா என்று இரண்டு வரி வரும். பத்து விநாடி காத்திருக்கும். ஐந்து பேர் கலந்து பேசி முடிவெடுக்கப் பத்து விநாடி போதாது. அதனால் ஓட்டெடுப்பை முன்னாலேயே நடத்தி முடித்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவது. இதுவரை இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை.

முந்தின நாள்தான் வினை வந்தது. நீலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் போவதாகச் சொல்லி, முடியும்வரை கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம் என்று எழுதிக் காட்டியது. அவர்கள் அணைக்கவில்லை. நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்து அந்த எழுத்தும் மறைந்துவிட்டது. ஆனால் இனி அணைக்கலாம் என்று அது எங்கேயும் எழுதிக் காட்டவில்லை. ஆகவே முறை வைத்துக் காவல் இருந்தார்கள். காலையில் மின்சாரம் நின்றபோதுதான் அவர்கள் பொறுப்பு நீங்கியது.

மின்சாரம் திரும்பி வந்தது. இரண்டு வரி வரவில்லை. கறுத்த திரையில் வெள்ளையாக ஓர் ஆங்கிலச் சொல்லும், அதன் பக்கத்தில் மின்னி மின்னி அணையும் ஒரு கோடும் மட்டும் இருந்தன. எட்டாம் வகுப்புவரை படித்த இருளாண்டி எழுத்துக் கூட்டினார்.

“ரெஸ்க்யூ.”

“தீயணைப்பு வண்டியில எழுதியிருக்குமே, அதுவா?” என்றார் காத்தமுத்து.

“அதேதான். காப்பாத்தச் சொல்லுது.”

கிணற்றில் விழுந்த ஆடுகளைக் காப்பாற்றி அவர்களுக்குப் பழக்கம் உண்டு. சன்னாசி ஓடிப்போய் வடக்கயிற்றைக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டரின் வயிற்றைச் சுற்றி இரண்டு சுற்றுக் கட்டி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்தார்கள். பதினைந்து நிமிடம் பார்த்தார்கள். அதே சொல்தான் இருந்தது.

“இனிமே விழாது. அந்த மட்டுக்கும் நிம்மதி” என்றார் மாசானம்.

காத்தமுத்துவுக்கு நிம்மதி இல்லை. அன்று மாலை நான்கு மணிக்குக் கால்நடை டாக்டர் ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி கொண்டுவருவதாக இருந்தது. பட்டியல் தயாராக இருந்தால் ஊசி போடுவார், இல்லையென்றால் மருந்துப் பெட்டியோடு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். போன வருடம் ஊசி தவறிப்போய், காத்தமுத்து தன் கையால் குழி வெட்டிப் புதைத்த ஆடுகள் ஒன்பது. இப்போது அவரிடம் இருப்பவை இருபத்து மூன்று. காலையில் ஒரு குட்டி இருமியது. அது புல் தொண்டையில் சிக்கிய இருமல்தான். இருந்தாலும் அவருக்கு அதற்கப்புறம் கஞ்சி இறங்கவில்லை.

அவர் சிக்கந்தர் பாய்க்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

“பயப்படாதீங்க” என்றார் பாய். “புதுப்பிச்சதுல, எந்த சிஸ்டம்னு கேட்குமே, அந்தப் பகுதி அழிஞ்சுபோச்சு. பட்டியல் உள்ளே பத்திரமா இருக்கும். முதல்ல அணைச்சிட்டு, முப்பது எண்ணி, திரும்பப் போடுங்க.”

ஐந்து பேரும் எண்ணினார்கள். மாசானம் முப்பதைத் தொட்டபோது விருமாயி இருபத்தொன்றில் இருந்தார். சன்னாசி முப்பத்தெட்டில் இருந்தார், அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை.

“யாரோட முப்பது செல்லும்?”

“தலைவரோடதுதான்.”

“அப்ப நாங்க எண்ணினது வீணா மாமா?” என்றார் விருமாயி.

அது வீணாகக் கூடாது என்று, ஒருவர் பின் ஒருவராக ஐந்து முப்பதுகள் எண்ணினார்கள். பாய் போனில் காத்திருந்தார்.

“போட்டாச்சா? இப்ப எஃப் பன்னிரண்டுன்னு ஒரு கட்டை இருக்கும். அதை விடாம தட்டிக்கிட்டே இருங்க.”

அந்தப் பொறுப்பு சன்னாசிக்குத் தரப்பட்டது. அவர் தட்டினார். திரையில் ஒரு பட்டியல் வந்தது. அவர் தட்டிக்கொண்டே இருந்தார். பட்டியல் போயிற்று, வந்தது, மறுபடியும் போயிற்று.

“டக்கு டக்குன்னு என்ன சத்தம் அது?” என்றார் பாய்.

“சன்னாசி தட்டுறான் பாய்.”

“நிறுத்தச் சொல்லுங்கய்யா!”

இருளாண்டியின் கணக்குப்படி சன்னாசி தட்டியது அறுநூற்றுப் பதினான்கு முறை. கடைசி ஏழெட்டு, நிறுத்தச் சொன்ன பிறகு, கை தானாகப் போனது.

“போன மாசம் ஒரு கவர்ல பென் டிரைவ் கொடுத்தேனே, அதைச் சொருகுங்க” என்றார் பாய். “திரையில வரிசை ஒண்ணு தெரியும். அதுல ஹார்ட் டிஸ்க் முதல்ல இருக்கும். அதை இரண்டாவதாக்கி, பென் டிரைவை முதல்ல வையுங்க. அவ்வளவுதான் வேலை. ரெண்டு நிமிஷம்.”

விருமாயி பீரோவைத் திறந்து கவரைக் கிழித்து, கட்டைவிரல் நீளத்துக்கு இருந்த பென் டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தார். மணி பன்னிரண்டு இருபது. யாரும் அதைத் தொடவில்லை.

“இது எப்படி முடியும்?” என்றார் மாசானம்.

முடியாதுதான். ஒரு சமயம் உப்புத் தொட்டியில் யார் ஆடு முதலில் நக்குவது என்று சண்டை வந்து, இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. அதிலிருந்து சங்கத்தில் நான்காம் தீர்மானம் அமலில் இருந்தது. உப்பானாலும் ஊசியானாலும் போட்டோவுக்கு நிற்பதானாலும், சங்கத்தில் முதலில் சேர்ந்தவருக்கே முதல் இடம். தலைவர் மட்டும் விலக்கு. எப்போது சேர்ந்திருந்தாலும் தலைவர் எல்லோருக்கும் முன்னால்.

“ஹார்ட் டிஸ்க் வந்து ஆறு வருஷம் ஆச்சு” என்றார் இருளாண்டி. “ஒரு நாள் லீவு போட்டதில்லை. இந்தப் பய இன்னைக்குத்தான் கவரை விட்டே வெளியே வர்றான். இவனைக் கொண்டுபோய் முதல்ல வச்சா அது மனசு என்ன பாடுபடும்?”

“மனசு இருக்கட்டும்ணே. நாளைக்கு நேத்துச் சேர்ந்தவன்லாம் முதல் உப்பு எனக்குன்னு வந்து நிப்பான்” என்றார் சன்னாசி.

“நாலு மணிக்கு டாக்டர் வந்துருவாரு” என்றார் காத்தமுத்து.

“வரட்டும். அவரு வர்றாருன்னு தீர்மானத்தை மீற முடியுமா கொழுந்தனாரே?” என்றார் விருமாயி. சற்று யோசித்துவிட்டு அவரே வழியும் சொன்னார். “மீற வேண்டாம். பென் டிரைவைத் தலைவராக்கிட்டா முதல்ல வைக்கலாமில்ல?”

எல்லோரும் மாசானத்தைப் பார்த்தார்கள். மாசானம் சுவரிலிருந்த தன் போட்டோவைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, நான்காக மடித்து, மேஜையில் வைத்தார்.

“நூத்துப் பன்னிரண்டு ஆட்டோட உயிரு. நான் விலகிக்கிறேன்” என்றார்.

ஆனால் தலைவராக வேண்டுமென்றால் முதலில் உறுப்பினராக வேண்டும். உறுப்பினராக வேண்டுமென்றால் சொந்தமாக ஆடு ஒன்றாவது இருக்க வேண்டும். பென் டிரைவிடம் ஆடு இல்லை. யாராவது ஒருவர் கொடுத்தாக வேண்டும். நான்கு பேர் காத்தமுத்துவைப் பார்த்தார்கள். அவசரம் அவருடையது என்பதில் அவருக்கும் சந்தேகம் இல்லை. காதில் நாற்பத்தேழு என்று வில்லை போட்ட செவலைப் பெட்டையை அவர் பென் டிரைவின் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். இனாமாகக் கொடுக்கிறேன், இனி எனக்கும் இந்த ஆட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடும்போது அவருக்குக் கண் கலங்கியது. நல்ல கறவை.

உறுப்பினர் படிவத்தில் ஓர் இடத்தில் தடங்கல் வந்தது. பாய்க்குப் போன் போட்டார்கள்.

“முதல்ல வச்சாச்சா?”

“வைக்கப் போறோம் பாய். பென் டிரைவோட தகப்பனார் பேரு என்ன?”

கடையில் யாரோ விலை கேட்பது கேட்டது. பிறகு பாய் மெதுவாக, “என் பேரையே போட்டுக்கங்க” என்றார்.

தேர்தல் நடந்தது. பென் டிரைவுக்கு நான்கு ஓட்டு. மாசானம் நடுநிலை. புதுத் தலைவரை நாற்காலியில் வைத்துச் செவ்வந்தி மாலை போட்டார்கள். போட்டபின் ஆளைக் காணவில்லை. மாலையைப் பிரித்துத் தேடி எடுத்து, கம்ப்யூட்டரில் மரியாதையாகச் சொருகி, வரிசையில் முதலில் வைத்தார்கள். அப்போது மணி இரண்டு ஐம்பது.

“சேமிச்சிட்டு வெளியே வாங்க” என்றார் பாய்.

சேமித்தார்கள். ஐந்து பேரும் வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு வெயிலில் நின்றார்கள். பாய் உள்ளே மேஜைமேல் இருந்த போனில் பத்து நிமிடம் ஹலோ ஹலோ என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தபோது கம்ப்யூட்டர் தலைவர் சொற்படி எழுந்திருந்தது. சரி செய்யவா என்று கேட்டது. பாய் சொன்ன கட்டையை அழுத்தினார்கள். ஒரு பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து கடைசிவரை போனது. காத்தமுத்து அதன் கூடவே தலையை இடமிருந்து வலமாகக் கொண்டுபோனார்.

“சரியாயிருச்சு!” என்றார் பாய். “இப்ப பென் டிரைவை எடுத்துட்டு என்டர் தட்டுங்க. மின்சாரத்தை நிறுத்திராதீங்க, மறுபடி முதல்லேர்ந்து வரணும்.”

மணி மூன்று இருபது. காத்தமுத்து கையை நீட்டினார். விருமாயி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தலைவரை எடுக்கணும்னா ஏழு நாள் நோட்டீசு கொடுக்கணும். பதினோராவது விதி.”

“மதினி, ஆடு செத்துப்போகும்!”

“நான் என்ன செய்ய, விதியை நீங்கதானே எழுதினீங்க?”

எழுதியது அவர்தான். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

“அவரே ராஜினாமா பண்ணலாமே. ஒரு வார்த்தை கேட்டுப் பாப்போம்” என்றார் சன்னாசி. கம்ப்யூட்டர் அருகில் குனிந்து மூன்று முறை கேட்டார்.

“பதவிக்கு வந்து ஒரு மணிநேரம்கூட ஆகலை. அதுக்குள்ள பேச மாட்டேங்குறாரு” என்றார் இருளாண்டி.

அப்போதுதான் மாசானம் தொண்டையைக் கனைத்தார். “பன்னிரண்டாவது விதின்னு ஒண்ணு இருக்கு. தலைவர் ஊர் எல்லைக்கல்லைத் தாண்டினா அந்த நிமிஷமே பதவி போயிரும்.”

அந்த விதியை மாசானத்தைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. ஆறு வருடம் அவர் எல்லையைத் தாண்டவில்லை. பேத்தி காதுகுத்துக்குக்கூட எல்லைக்கல் வரை போய் நின்று, பலகாரத் தூக்கை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியவர்.

தலைவரைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்கக் கூடாது. ஆகவே கம்ப்யூட்டரோடு எல்லைக்குக் கொண்டுபோக வேண்டும். மின்சாரமும் நிற்கக் கூடாது. கரண்ட் போனால் தாங்குவதற்கு பாட்டரிப் பெட்டி ஒன்று இருந்தது. அது பன்னிரண்டு நிமிடம் தாங்கும். எல்லைக்கல்லுக்கு நானூற்றுப் பத்து எட்டு. கயிற்றை அவிழ்த்தார்கள். காத்தமுத்து கம்ப்யூட்டரைத் தூக்கினார், சன்னாசி பாட்டரியை, இருளாண்டி திரையை, விருமாயி கட்டைப் பலகையை. ஒயர்கள் எல்லாம் இரண்டு முழம்தான். அதனால் நான்கு பேரும் ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடந்தார்கள். தலைவர் வெயிலில் போகக் கூடாது என்று முன்னாள் தலைவர் குடை பிடித்தார்.

பாட்டரி கீங் கீங் என்று கத்திக்கொண்டே வந்தது. பின்னால் லாரி வருகிறது என்று நினைத்து வழியில் இரண்டு பேர் ஓடையில் இறங்கினார்கள்.

பதினோராவது நிமிடத்தில் எல்லைக்கல் வந்தது. காத்தமுத்து கல்லுக்கு அந்தப் பக்கம் கால் வைத்தார். மாசானம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “பதவி போச்சு” என்று அறிவித்தார். விருமாயி பென் டிரைவைப் பிடுங்கி என்டரைத் தட்டினார்.

திரை அணைந்து எரிந்தது. நீலம், கறுப்பு என்று இரண்டு வரியும் வந்து நின்றன. பக்கத்தில் பத்து என்று இருந்தது.

“வந்துருச்சு!” என்று கத்தினார் காத்தமுத்து. அடுத்த மூச்சில், “யாரும் ஓட்டுப் போடலையே!” என்றார்.

“ஓட்டெடுப்பை நடத்தத் தலைவர் வேணும்” என்றார் விருமாயி. எட்டு.

“தலைவர் யாரு இப்ப?” ஆறு.

“யாருமில்ல. மாமா, நீங்க மறுபடி நில்லுங்க.”

“நான் எல்லைக்கு வெளியே நிக்கிறேனேம்மா.” மூன்று.

“உள்ளே வாங்க மாமா!”

மாசானம் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே தாண்டுவதற்குள் கம்ப்யூட்டர் யாரையும் கேட்காமல் தானே கறுப்புக்குள் போய்விட்டது. ஆடு ஒன்றுகூட இல்லாத சிஸ்டம் அது. போன வேகத்தில் பாட்டரி கடைசியாக ஒரு கீங் போட்டு அடங்கியது. திரையில் காத்தமுத்துவின் முகம் மட்டும் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து டாக்டர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். பின்னால் மருந்துப் பெட்டி. மணி மூன்று ஐம்பத்தெட்டு.

“என்னங்கய்யா ஊர்வலம்?”

காத்தமுத்து கம்ப்யூட்டரைக் கீழே வைக்காமலே அழுதார். “பட்டியல் உள்ளே இருக்கு சார். வெளியே வர மாட்டேங்குது. போயிராதீங்க சார்.”

டாக்டர் வண்டியை நிறுத்தினார். “பட்டியல்ல என்ன இருக்கும்?”

“ஒவ்வொரு ஆட்டோட நம்பரும் சார்.”

“அந்த நம்பர் ஆட்டுக் காதுல இருக்கா இல்லையா?”

“இருக்கு சார். காதைப் பாத்துத்தானே கம்ப்யூட்டர்ல ஏத்தினோம்.”

“அப்ப நான் காதைப் பாத்துக்கறேன்” என்றார் டாக்டர்.

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படித்தவர் படித்தவர்தான் என்று மாசானம் மெதுவாகச் சொன்னார்.

ஐந்தே முக்காலுக்குள் நூற்றுப் பதினோரு ஆட்டுக்கு ஊசி போட்டாயிற்று. டாக்டரின் நோட்டில் ஒவ்வொரு ஆட்டுக்கும் நேராக உரிமையாளர் கையெழுத்துப் போட்டார். செவலையின் முறை வந்தது. காத்தமுத்து நகர்ந்து நின்றுகொண்டார்.

“இது யார் ஆடு?”

“பழைய தலைவரோடது சார்.”

“வரச் சொல்லுங்க.”

விருமாயி முந்தானை முடிச்சை அவிழ்த்து அவரை எடுத்துக் காட்டினார். டாக்டர் அதைப் பார்த்தார். பிறகு காத்தமுத்துவைப் பார்த்தார். நீங்களே போடுங்களேன் என்றார். இனாம் எழுதிக் கொடுத்த ஆட்டுக்கு நான் கையெழுத்துப் போட்டால் மோசடி ஆகிவிடும் சார் என்றார் காத்தமுத்து. போட்டுவிடலாம் என்று கை துடித்தது. ஆனாலும் போடவில்லை.

“எழுதப் படிக்கத் தெரியாதவங்க கைநாட்டு வைப்பாங்கள்ல?” என்றார் சன்னாசி.

பென் டிரைவின் முனையை மை டப்பாவில் நன்றாக அழுத்தி எடுத்து, நோட்டில் வைத்தார்கள். கட்டமாக ஒரு தடம் விழுந்தது. டாக்டர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, செவலைக்கு ஊசி போட்டார். காத்தமுத்து அன்றைக்கு முதல் வாய்க் கஞ்சி குடித்தார்.

மறுநாள் கம்ப்யூட்டர் ஓடியது. மாசானத்தை மறுபடி தலைவராக்கி ஓட்டெடுப்பு வைத்தார்கள், நீலம் வந்தது, ஆட்டுப் பட்டியல் அப்படியே இருந்தது. அதை வழக்கம்போல் தாளில் எழுதி, கறுப்பில் அடித்து, அழகாகப் பிரிண்ட் எடுத்து பீரோவில் வைத்தார்கள்.

மையைத் துடைத்துப் பென் டிரைவைப் பாய் கடையில் திருப்பிக் கொடுக்கப் போன காத்தமுத்து, அதன் சொத்தையும் கூடவே ஓட்டிக்கொண்டு போனார். பாய் வேண்டவே வேண்டாம் என்றார். படிவத்தில் தகப்பனாராக உங்கள் பெயர் இருக்கும்போது பிள்ளையின் ஆட்டை நான் வைத்துக்கொள்வது முறையில்லை என்று காத்தமுத்து சொல்லி, செவலையைக் கடை ஷட்டர் கொக்கியில் கட்டிவிட்டு, அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்துச் செவலை கடை வாசலில் இரண்டு குட்டி போட்டது. பென் டிரைவுக்கு இப்போது ஆடு மூன்று. காத்தமுத்துவிடம் மிச்சம் இருபத்திரண்டு.